பெல் கேட்ட முதற்கேள்வி

1975ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரை அடுத்த ஒரு கல்விநிலையத்தில் ஆசிரியராக இருந்த ஆலன் ஆஸ்பே என்னும் இளைஞர், தாம் செய்து பார்க்க எண்ணியிருந்த ஒரு பரிசோதனையின் திட்டத்தை எடுத்துக்கொண்டு, ஜெனீவாவிலுள்ள செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, அங்கே பணிபுரிந்துவந்த ஜான் ஸ்டூவர்ட் பெல் என்னும் பௌதிக அறிஞரைக் கண்டார். திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டு முடித்த பெல், கருவிகளின் நுட்பத்தைப் பற்றியோ கணக்கின் திட்பத்தைப் பற்றியோ முதலில் ஒன்றும் வினவவில்லை. உங்களுக்கு நிரந்தரமான உத்தியோகம் இருக்கிறதா என்றுதான் வினவினார். இருக்கிறது என்று இளைஞர் விடையிறுத்த பின்னரே, மேற்கொண்டு பரிசோதனையைப் பற்றிப் பேசவும் அவரை ஊக்குவிக்கவும் முற்பட்டார். ஆஸ்பே பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கும் இந்தச் சிறு நிகழ்ச்சியை எண்ணுந்தோறும், ஒரு தலைமுறை முழுவதும் அறிவுலகம் எந்தக் கேள்விகளுக்குக் கதவடைத்து வைத்திருந்தது என்ற நினைவு எழுந்து நெஞ்சை உறுத்துகிறது.

ஏனெனில், குவாண்டம் பௌதிகத்தின் அடிப்படைகளை ஆராய்வது கௌரவமான ஆராய்ச்சியாகக் கருதப்படாத காலம் அது. அந்தத் துறையில் அடியெடுத்து வைக்கும் இளைஞன் வேலையின்றியும் ஆதரிப்பாரின்றியும் அல்லலுற நேரிடும் என்பதைப் பெல் அனுபவத்தால் அறிந்திருந்தார். நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்து, 2022ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு, பெல் எழுப்பிய வினாவைப் பரிசோதனையால் தீர்த்துவைத்தமைக்காக ஆஸ்பே, ஜான் கிளௌசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டபோது, அதைக் காணப் பெல் உயிரோடு இல்லை. அவர் 1990ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அடிப்படைக் கேள்விகளைக் கேட்கத் துணிவோருக்கு வாழ்வதற்கு வழிசெய்யாத ஒரு நாடு, அந்தக் கேள்விகளிலிருந்து விளையும் பயன்களை மட்டும் அறுவடை செய்ய எண்ணுவது நியாயமும் ஆகாது, நடைமுறைக்கும் ஒவ்வாது என்பதே, நம் தேசம் குவாண்டம் தொழில்நுட்பத்துக்குப் பெரும்பொருளை ஒதுக்கியிருக்கும் இந்நாளில், நான் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

குவாண்டம் பௌதிகம் பிறந்த கதை பலரும் அறிந்ததே. 1900ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், பெர்லின் நகரில், சூடேறிய பொருள்கள் வெளியிடும் ஒளியின் கணக்கை நேர்செய்ய முயன்ற மாக்ஸ் பிளாங்க், சக்தியானது இடையறாத தாரையாக அல்லாமல் சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுக்கவும் வாங்கவும் படுகிறது என்று கொள்ளவேண்டிய நிலைக்கு வந்தார். 1925ஆம் ஆண்டில் ஹைசன்பர்க்கும், அதற்கு அடுத்த ஆண்டில் ஷ்ரோடிங்கரும் இந்த விசித்திர உலகத்துக்குரிய கணித விதிகளை வகுத்தளித்தனர். அந்த விதிகள் தருவது நிகழ்ச்சிகளின் நிச்சயத்தை அன்று, அவற்றின் சாத்தியக்கூறுகளையே என்று மாக்ஸ் பார்ன் விளக்கினார். அன்று தொட்டு இன்றுவரை அந்த விதிகள் ஒருமுறையேனும் பொய்த்ததில்லை. 1947ஆம் ஆண்டில் உருவான டிரான்சிஸ்டரும், 1960ஆம் ஆண்டில் ஒளிவீசிய லேசரும், மருத்துவமனையில் உடலினுட்புறத்தைக் காட்டும் காந்த ஒத்ததிர்வுக் கருவியும், சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளை ஒரு வினாடியென வரையறுத்துக் காலத்தை அளக்கும் அணுக் கடிகாரமும் அந்த விதிகளின் அடித்தளத்தில் எழுந்தவையே.

ஆயினும், விதிகள் பிழையின்றி விடை தருகின்றன என்பது ஒன்று. அந்த விதிகள் உலகத்தைப் பற்றி என்ன சொல்லுகின்றன என்பது வேறொன்று. பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிரகணத்தின் நாழிகையைச் சொல்லத் தெரிந்தவர் எல்லாரும், நிழல் எவ்வாறு விழுகிறது என்பதை அறிந்தவராகிவிடுவதில்லை. அளந்து பார்ப்பதற்கு முன்னால் ஓர் எலக்ட்ரானுக்குத் திட்டமான இடம் உண்டா, இல்லையா? அளவிடுதல் என்னும் செயலின்போது உண்மையில் நிகழ்வது யாது? இவ்வினாக்களுக்கு விடை சொல்லாமலே கணக்குகளைப் போட்டுக்கொண்டு போகலாம் என்பதனால், போய்க்கொண்டே இருந்தார்கள் பெரும்பாலான விஞ்ஞானிகள். நின்று கேட்டவர்கள் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் ஐன்ஸ்டைன்.

1935ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், பொடால்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில், குவாண்டம் விதிகளின்படி ஓரிடத்தில் கூடிப் பிரிந்த இரண்டு துகள்கள், எத்தனை தொலைவு சென்ற பின்னும், ஒன்றை அளந்தால் மற்றொன்றின் நிலை உடனே தெரிந்துவிடும்படி பிணைந்திருக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, ஒன்றை இங்கே தொடுவதனால் மற்றொன்று அங்கே மாறுதல் இயலாதாகையால், விடைகள் இரண்டும் பிரியும்போதே அவற்றுக்குள் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றும், அந்த எழுத்தைப் பற்றிப் பேசாத குவாண்டம் சித்தாந்தம் நிறைவு பெறாதது என்றும் வாதித்தனர். ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றை மதுரைக்கும் மற்றொன்றைச் சென்னைக்கும் அனுப்பி வைத்தால், மதுரையில் பெட்டியைத் திறந்து இடக்கால் செருப்பைக் கண்டவன், சென்னைக்குப் போனது வலக்கால் செருப்பென்பதை அக்கணமே அறிவான். அதில் மாயம் ஏதும் இல்லை. துகள்களின் பிணைப்பும் இத்தகையதே என்பதுதான் ஐன்ஸ்டைனுடைய நம்பிக்கை. குவாண்டம் சித்தாந்தத்தின் முன்னோடிகளுள் ஒருவரான நீல்ஸ் போர் மறுமொழி எழுதினார். பெரும்பாலோர் போர் பக்கம் நின்றனர். விவகாரம் அத்துடன் முடிந்ததென எண்ணித் தம் தம் கணக்குகளுக்குத் திரும்பினர்.

இந்த மௌனத்துக்கு வலுவூட்டிய இன்னொரு காரணமும் உண்டு. 1932ஆம் ஆண்டில் மாபெரும் கணித மேதையான ஜான் வான் நாய்மன், துகளுக்குள் மறைந்து கிடக்கும் விடைகள் எவையும் இருக்கமுடியாது என்று நிரூபித்துவிட்டதாகத் தம் நூலில் எழுதியிருந்தார். மேதையின் பெயருக்கு முன் ஐயங்கள் அடங்கிவிட்டன. ஆனால் அந்த நிரூபணத்தில், நிரூபிக்க வேண்டியதையே ஒருவாறு முன்னதாக ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு குற்றம் இருந்தது. அதை 1935ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியவர், எம்மி நோய்தரிடம் கணிதம் பயின்ற கிரேட்டே ஹெர்மன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. அவர் எழுதியதை ஏறிட்டுப் பார்த்தவர் அநேகமாக ஒருவரும் இலர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவர் எழுத்தை அறியாமலே, அதே குற்றத்தைத் தாமாகக் கண்டுபிடித்தவர்தான் ஜான் பெல். சொன்னவர் யார் என்பதைப் பார்த்து மயங்காமல், சொல்லப்பட்ட பொருளில் மெய் எது என்று காணவேண்டும் என்னும் நெறியை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்கிறோம். பௌதிக உலகம் அந்நெறியை மறந்ததற்குக் கொடுத்த விலை முப்பது ஆண்டுகள்.

பெல்ஃபாஸ்ட் நகரில் 1928ஆம் ஆண்டில், செல்வமில்லாத குடும்பத்தில் பிறந்த பெல், பள்ளிப் படிப்பு முடிந்தவுடன், அந்நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துப் பௌதிகச் சோதனைச்சாலையில் எடுபிடி உதவியாளராக ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகே அங்கு மாணவராகச் சேர்ந்தவர். துகள்களை வேகமூட்டும் பெரும் யந்திரங்களை வடிவமைப்பதும், துகள் பௌதிகக் கணக்குகளைப் போடுவதுமே அவருக்குச் சம்பளம் அளித்த தொழில்; குவாண்டத்தின் பொருளைப் பற்றிய சிந்தனை, அந்தத் தொழில் விட்டுவைத்த நேரங்களில் அவர் தனியே பேணி வளர்த்த தவம். 1964ஆம் ஆண்டில், செர்னிலிருந்து விடுப்பெடுத்து அமெரிக்கா சென்றிருந்தபோது, ஐன்ஸ்டைன் கட்டுரையைப் பற்றி ஆறே பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கச் சஞ்சிகைகள் பக்கத்துக்கு இவ்வளவென்று ஆசிரியர் தரப்பில் கட்டணம் பெறுவது அக்காலத்து வழக்கமாதலின், தம்மை விருந்தினராக ஏற்றவர்களிடம் அச்செலவைக் கேட்கக் கூசிய அவர், கட்டணமில்லாத ஒரு புதிய சஞ்சிகைக்கு அதை அனுப்பினார். அச்சஞ்சிகை சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த விஞ்ஞானக் கட்டுரைகளில் ஒன்று இவ்வாறு, அரவமே இல்லாமல் உலகத்துக்குள் வந்தது.

அக்கட்டுரை சொல்வதென்ன? மெர்மின் என்னும் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் பொதுமக்களுக்காக எளிமைப்படுத்திய கணக்கைத் தழுவி, நமக்குப் பழக்கமான வழக்குமன்றத்தை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வழக்கில் இரண்டு சாட்சிகள். இருவரும் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலுள்ள இரண்டு நீதிமன்றங்களில் ஒரே வேளையில் கூண்டேறுகின்றனர். ஒருவருக்கு மற்றவர் செய்தி அனுப்பவோ சாடை காட்டவோ வழியில்லை. இரண்டு நீதிபதிகளிடமும் அதே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு நீதிபதியும் அவற்றுள் ஏதேனும் ஒன்றை, சீட்டுக் குலுக்கி எடுத்து, தம் சாட்சியிடம் கேட்கிறார். சாட்சி ஆம் என்றோ இல்லை என்றோ மட்டுமே சொல்லலாம். இவ்வாறு பல்லாயிரம் ஜோடிச் சாட்சிகளை விசாரித்துப் பார்த்ததில், இரு நீதிபதிகளும் தற்செயலாக ஒரே கேள்வியைக் கேட்ட போதெல்லாம், இரு சாட்சிகளும் தவறாமல் ஒரே விடையைச் சொல்லக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உலகியல் அறிந்த எவரும் உடனே சொல்வார்: புறப்படுமுன் இருவரும் மூன்று கேள்விகளுக்கும் விடைகளைப் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஐன்ஸ்டைன் சொன்னதும் இதுவே.

இனிப் பெல் செய்ததைக் கவனிக்க வேண்டும். நீதிபதிகள் வெவ்வேறு கேள்விகளைக் கேட்ட சமயங்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்றார் அவர். கேள்விகள் மூன்று; விடைகளோ ஆம், இல்லை என்னும் இரண்டே வகை. ஆகவே எப்படிப் பேசி வைத்தாலும், மூன்று கேள்விகளுள் குறைந்தது இரண்டுக்கேனும் ஒரே விடைதான் அமைய முடியும். கேள்விகளை இரண்டிரண்டாக எடுத்தால் அமையும் மூன்று ஜோடிகளுள் ஒன்றிலேனும் விடைகள் ஒத்துவிடுமாதலின், வெவ்வேறு கேள்விகள் கேட்கப்பட்ட சமயங்களிலும், சாட்சிகளின் விடைகள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒத்துப்போயே தீரவேண்டும். சாட்சிகள் எத்தனை சாமர்த்தியசாலிகளானாலும் இந்த எல்லைக்குக் கீழே இறங்க முடியாது. குவாண்டம் விதிகளோ, ஒன்றுக்கொன்று 60 பாகை விலகிய மூன்று திசைகளில் ஒளித்துகள்களைச் சோதித்தால், அந்த ஒற்றுமை நான்கில் ஒரு பங்காகவே இருக்கும் என்று சொல்லுகின்றன. மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா? தத்துவ விசாரம் என்று முப்பது ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு வழக்கு, ஒரே கணக்கினால், சோதனைச்சாலையில் எண்ணித் தீர்க்கக்கூடிய வழக்காக மாறிவிட்டது. பிளஸ் டூ மாணவனும் பின்தொடரக்கூடிய இந்தத் தர்க்கத்தின் எளிமையும் கம்பீரமும், ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் என்னைச் சிலிர்க்க வைக்கின்றன.

தீர்ப்பு மெல்லமெல்ல வந்தது. 1972ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஜான் கிளௌசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மன் என்னும் மாணவரும், கால்சியம் அணுக்கள் ஜோடி ஜோடியாக உமிழும் ஒளித்துகள்களைக் கொண்டு முதற் பரிசோதனையை நடத்தினர். ஐன்ஸ்டைன் பக்கமே வெல்லும் என்று எதிர்பார்த்திருந்த கிளௌசர், எண்கள் குவாண்டத்தின் பக்கம் சாய்ந்ததைக் கண்டு, அதை அவ்வாறே வெளியிட்டார். ஆனால் இந்த ஆராய்ச்சியே காரணமாக, பல்கலைக்கழகங்களில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி வாய்க்கவில்லை. 1982ஆம் ஆண்டில் ஆஸ்பே, ஒளித்துகள்கள் புறப்பட்டு வழியில் சென்றுகொண்டிருக்கும்போதே கேள்வியை மாற்றிவிடும் நுட்பமான ஏற்பாட்டுடன் பரிசோதித்தபோதும் முடிவு அதுவே ஆயிற்று. 2015ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைக்கப்பட்ட இரண்டு வைரத் துண்டுகளிலிருந்த எலக்ட்ரான்களைக் கொண்டு, முந்திய பரிசோதனைகளில் விட்டுப்போயிருந்த முக்கியமான ஓட்டைகளையெல்லாம் ஒருசேர அடைத்துச் செய்த பரிசோதனையும், அதே ஆண்டில் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் செய்த பரிசோதனைகளும் தீர்ப்பை உறுதி செய்தன. விடைகள் முன்கூட்டியே உள்ளே எழுதப்பட்டு, ஒளியின் வேகத்தை மிஞ்சாத தொடர்புகளால் மட்டும் நடைபெறும் உலகம் என்று ஐன்ஸ்டைன் விரும்பிய சித்திரம் நிலைக்கவில்லை. எனினும் அவர் கேட்ட கேள்வி வீண்போகவில்லை. அது கேட்கப்படாமல் இருந்திருந்தால், இந்த உண்மை நமக்குத் தெரிந்தே இராது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கடமையாகிறது. இந்தப் பிணைப்பைக் கொண்டு ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்ப இயலாது. ஒவ்வொரு சாட்சியின் விடையும், தனியே பார்க்கும்போது, காசைச் சுண்டிப் பார்ப்பது போன்ற தற்செயலாகவே இருக்கும். மனோசக்தியால் நோய் தீர்க்கவோ, தூரத்து நட்சத்திரம் ஒருவன் தலையெழுத்தை வகுப்பதாகச் சொல்லவோ, இதிலே ஆதாரம் அணுவளவும் இல்லை. குவாண்டம் என்ற சொல்லைப் பூசி மருந்தும் யந்திரமும் விற்போரிடம் மக்கள் ஏமாறுவதற்குக் காரணம், அச்சொல்லின் மெய்ப்பொருளைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்லும் பொறுப்பைக் கற்றவர்கள் போதிய அளவில் ஏற்காமையே.

இனி, இத்தகைய கேள்விகளால் உலகத்துக்கு என்ன லாபம் என்று வினவுவோருக்கு வருவோம். 1970ஆம் ஆண்டையொட்டி, கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த ஸ்டீபன் வீஸ்னர், குவாண்டம் நிலைகளை அளந்தால் அவை குலைந்துபோகும் என்னும் அடிப்படை உண்மையைக் கொண்டு, ஒருவராலும் கள்ளத்தனமாக அச்சிட முடியாத பணம் ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார். சஞ்சிகை அதை ஏற்க மறுத்தது. அது அச்சேறியது 1983ஆம் ஆண்டில்தான். ஆனால் அவருடைய நண்பர் சார்லஸ் பென்னட் அந்தக் கருத்தை மறக்கவில்லை. அவரும் ஜில் பிரஸ்ஸார் என்பவரும் சேர்ந்து, இடையில் ஒட்டுக்கேட்பவன் இருந்தால் அவன் கேட்ட செயலே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்படியான ரகசியக் குறியீட்டு முறையை வகுத்தனர். அதற்கு அரணாக நிற்பது, அறியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாது என்னும் 1982ஆம் ஆண்டுத் தேற்றம். அந்தத் தேற்றமோ, பிணைப்பைக் கொண்டு ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்பலாம் என்று நிக் ஹெர்பர்ட் என்பவர் எழுதிய தவறான கட்டுரைக்கு மறுப்பாகப் பிறந்தது. அக்கட்டுரையை மதிப்பிட்டவர்களுள் ஒருவரான ஆஷர் பெரஸ், அது தவறென்று அறிந்தும், தவறு எங்கே இருக்கிறது என்ற தேடல் பயன் விளைக்கும் என்று கருதி, வெளியிடலாம் என்று பரிந்துரைத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். பிழைக்கும் இடம் கொடுத்த பெருந்தன்மையிலிருந்து ஒரு தேற்றமும், தேற்றத்திலிருந்து ஒரு தொழில்நுட்பமும் பிறந்த வரலாறு இது.

1991ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆர்த்தர் எக்கர்ட், பெல்லின் கணக்கையே காவலாளியாக நிறுத்தி, சாட்சிகளின் ஒற்றுமை அந்த எல்லையைக் கடந்து நிற்கும்வரை ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று கொள்ளலாம் எனக் காட்டினார். 2016ஆம் ஆண்டில் சீனா விண்ணில் ஏவிய மிசியஸ் என்னும் செயற்கைக்கோள், 1,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு தரைநிலையங்களுக்குப் பிணைந்த ஒளித்துகள்களைப் பகிர்ந்தளித்து, பெல்லின் எல்லை அங்கும் மீறப்படுவதை மெய்ப்பித்தது. குவாண்டம் கணிப்பொறி என்னும் கருத்தை 1985ஆம் ஆண்டில் திட்பமாக வகுத்த டேவிட் டாய்ச்சும், குவாண்டத்தின் பொருள் யாது என்ற விசாரத்தின் வழியாகவே அதை வந்தடைந்தார்; பேரெண்களைக் காரணிகளாகப் பிரித்து இன்றைய வங்கிப் பூட்டுகளைத் திறக்கவல்ல பீட்டர் ஷோரின் கணக்குமுறை 1994ஆம் ஆண்டில் வந்தது. இன்று அரசாங்கங்களும் பெருங்கம்பெனிகளும் கோடிகோடியாகக் கொட்டும் இத்தொழில்களின் பூர்வோத்தரத்தைத் தேடிச் சென்றால், ஏற்க மறுக்கப்பட்ட கட்டுரைகளையும், நின்றுபோன ஒரு சஞ்சிகையையும், நிரந்தரப் பேராசிரியர் பதவி வாய்க்காத ஓர் ஆராய்ச்சியாளரையும் வழியிலே காண்கிறோம்.

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மத்திய அமைச்சரவை, 2030-31 வரைக்குமாக, 6,003.65 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. கணிப்பொறிக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், செய்தித்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி.யும், நுண்ணளவீட்டுக்குப் பம்பாய் ஐ.ஐ.டி.யும், மூலப்பொருள்களுக்கு டில்லி ஐ.ஐ.டி.யும் தலைமைக் கேந்திரங்களாக அமைந்துள்ளன. எட்டு ஆண்டுகளுக்குள் குவாண்டம் பிட்டு எனப்படும் அடிப்படை அலகுகளை ஆயிரம் வரையில் கொண்ட கணிப்பொறி, 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழியே ரகசியத் தொடர்பு என்றெல்லாம் இலக்குகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இம்முயற்சியை நான் மனமுவந்து வரவேற்கிறேன். ஆனால் இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. பென்னட்டும் பிரஸ்ஸாரும் தங்கள் ரகசியக் குறியீட்டு முறையை உலகத்துக்கு எடுத்துரைத்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரை அரங்கேறியது அமெரிக்காவிலும் அன்று, ஐரோப்பாவிலும் அன்று. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் நம் பெங்களூரில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில்தான். வெட்டவெளியில் 300 மீட்டர் தொலைவுக்கு அத்தகைய ரகசியத் தொடர்பைச் செய்துகாட்டியதாக இஸ்ரோ அறிவித்தது 2021ஆம் ஆண்டு மார்ச்சில். விதை நம் முற்றத்தில் விழுந்தும், அதன் நிழலில் நாம் வந்து நிற்க முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அறிவுக் குறைவு இதற்குக் காரணமென்று நான் கருதவில்லை. புதிதான கேள்வியைப் புதிதென்று கண்டுகொள்வதற்கு வேண்டிய பழக்கம், அத்தகைய கேள்விகளை நாள்தோறும் கேட்கும் இடங்களில் மட்டுமே வளரும்.

அப்பழக்கம் நமக்கு அந்நியமானதும் அன்று. 1924ஆம் ஆண்டில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் விதியை மாணவர்க்குப் போதிக்கையில், அதை வருவித்த முறையிலே பழைய சித்தாந்தமும் புதியதும் முரண்பட்டுக் கலந்து கிடப்பதைச் சகிக்க மாட்டாமல், தாமே ஒரு புதுவழி கண்டு ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அக்கருத்தை ஐன்ஸ்டைன் விரித்ததிலிருந்து முன்னறியப்பட்ட புதிய பொருள்நிலையை அமெரிக்காவின் போல்டரில் விஞ்ஞானிகள் கண்ணெதிரே உண்டாக்கியது 1995ஆம் ஆண்டில், அதாவது எழுபத்தோர் ஆண்டுகளுக்குப் பின். போஸிடம் பெருங்கருவிகள் இல்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மனச்சான்றுமே இருந்தன. வகுப்பறையில் ஒரு வரியை விளங்காமல் கடந்துபோக மறுத்த ஆசிரியர் ஒருவரின் நேர்மையிலிருந்து அந்தப் பயன் புறப்பட்டது.

ஏழைமை இன்னும் நீங்காத நாட்டில், பயன் நிச்சயமில்லாத சிந்தனைகளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்று கேட்பவர்களை நான் அலட்சியம் செய்யவில்லை. அது பொறுப்புள்ள கேள்வி. அடிப்படை ஆராய்ச்சி எல்லாம் என்றேனும் காசாகிவிடும் என்று வாக்களிக்கவும் நான் துணியேன். பலவற்றிலிருந்து ஒன்றும் விளையாமல் போகக்கூடும். ஆனால் எது விளையும், எது விளையாது என்பதை முன்னதாகப் பிரித்தறியும் வித்தை ஒருவரிடமும் இல்லை என்பதைப் பெல்லின் கதையும் போஸின் கதையும் ஐயந்திரிபறக் காட்டுகின்றன. செலவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு குவாண்டம் கணிப்பொறியைக் குளிர்விக்கும் சாதனம் ஒன்றுக்கு ஆகும் தொகையில், சித்தாந்த ஆராய்ச்சியாளர் பலரைப் பல ஆண்டுகள் பேணலாம். மேலும், உலகம் உண்மையில் எத்தன்மையது என்று அறிய விழைவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று கொள்வது மனிதப் பிறவியைத் தாழ்த்துவதாகும். சோதனைச்சாலை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய பெல்லே அதற்கு மறுப்பு.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. தேசிய குவாண்டம் இயக்கத்தின் நிதியில் ஒரு சிறு பங்கு, கருவியாகவோ காப்புரிமையாகவோ இத்தனை ஆண்டுக்குள் விளைந்தாகவேண்டும் என்ற நிபந்தனையின்றி, அடிப்படைகளை ஆராய்வோருக்கென்று தனியே ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். அப்பங்கு, இரண்டாண்டு மூன்றாண்டு என்று முறிந்து முறிந்து வரும் உதவித்தொகைகளாகக் கரையாமல், இளம் ஆராய்ச்சியாளர்க்கு நிலையான பணியிடங்களாக அமையவேண்டும்; நாளைய சோற்றைப் பற்றிய கவலை தலையில் இருக்கும்வரை, நூறாண்டுப் பழங்கேள்வியை எடுத்துக்கொள்ளும் துணிவு ஒருவருக்கும் வராது. மூன்றாவதாக, நம் கல்லூரிகளில் குவாண்டம் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஹைட்ரஜன் அணுவின் கணக்கோடு பாடத்தை முடித்துவிடாமல், பெல்லின் தர்க்கத்தையும் மாணவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டும். இதற்கெல்லாம் பொருள் என்ன ஐயா என்று எழுந்து கேட்கும் மாணவனை, பரீட்சைக்கு வராது உட்கார் என்று அடக்காமல், அவ்வினாவை அவன் நெஞ்சிலே காத்துவைக்க உதவவேண்டும். அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதித் தருவது, இக்கலையைக் கற்றுத் தேர்ந்த தமிழர் அனைவரும் தம் சமூகத்துக்குத் தீர்க்கவேண்டிய கடன்.

அளவிடுதலின்போது நிகழ்வது என்ன என்னும் வினா இன்றும் தீரவில்லை. நீல்ஸ் போர் வழி வந்தோர் ஒன்றும், டேவிட் போம் என்னும் பௌதிக அறிஞரின் வழி வந்தோர் ஒன்றும், எவரெட் என்னும் மற்றோர் அறிஞரின் வழி வந்தோர் வேறொன்றும் சொல்ல, அவர்களுக்குள்ளே தீர்ப்புக் கூறத்தக்க ஓர் இரண்டாம் பெல் இன்னும் வந்தபாடில்லை. அவர் திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து அவள் தன் சந்தேகத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் செல்லும்போது, உனக்கு நிரந்தரமான வேலை இருக்கிறதா அம்மா என்று அவர் கேட்க நேராதிருக்க வேண்டும். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் போட்ட கணக்கின் முதல் வரியைப் பற்றியே அவர் முதற்கேள்வி கேட்கும்படியான நிலைமையை உண்டாக்கி வைப்பது, இன்று பொறுப்பிலிருக்கும் நம் கையில் இருக்கிறது.